மலையூரார் கூறும் அறிவுரை

சுவிற்சர்லாந்தின் கிழக்கே, கடல்மட்டத்துக்கு மேல் 1,560 மீற்றர் உயரத்தில் அமைந்தது டாவோஸ் என்னும் ஊர். தோமஸ் மான் 1924ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மாய மலை’ என்னும் நாவலின் களம் இதுவே என்பதை இலக்கிய மாணவர் அறிவர். காசநோயாளர் தூய காற்றை நாடிச் சென்ற அவ்வூர், இன்று வார இறுதிதோறும் பனிச்சறுக்காடுவோரால் நிறைகின்றது. நம்மவர் பலர் அந்நாட்டில் வேரூன்றிவிட்டமையால், அவர்தம் பிள்ளைகளும் சறுக்குப் பலகைகளைத் தோளிற் சுமந்து அங்கே செல்கின்றனர். இளமையில் என்பால் தமிழ் கற்று, இன்று அவ்வூர் உணவுச்சாலையொன்றிற் பணிபுரியும் அன்பரின் விருந்தினனாக நானும் இரண்டு நாள் தங்கினேன். சறுக்கியவனல்லேன், ஊரார் சொல்லக் கேட்டவன்.

கேட்டவற்றுட் பல எளியவை. சூரிச் நகரிலிருந்து வருவோர் லாண்ட்குவார்ட் நிலையத்திற் புகையிரதம் மாறவேண்டும். காலணியையும் பலகையையும் வெள்ளிக்கிழமை மாலையே வாடகைக்கு எடுத்து அளவு பார்த்துக்கொள்ளல் நன்று. இன்றேற் சனிக்கிழமைக் காலை கடைவாசலிலே கழிந்துவிடும். பருத்தியாடை வியர்வையை உறிஞ்சி உடலைக் குளிரச்செய்யும். ஆதலின் உள்ளே கம்பளி அணிக. தடங்களுள் நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடிது. பின்னிருந்து வருபவனே முன்செல்வோனுக்கு ஊறு நேராதவாறு வழி தேர்ந்துகொள்ள வேண்டும். மாலையிற் கால் சோர்ந்தபின் ‘இன்னும் ஒருமுறை’ என்று ஆசைப்படாமல் இழுவை வண்டியில் இறங்கிவிடுவதே உள்ளூரார் வழக்கம்.

ஆனால், என் சிந்தையைப் பற்றிக்கொண்டது ஒரு சொல். அவ்வூரிலே பனியையும் பனிச்சரிவையும் ஆராயும் நிலையமொன்று உண்டு. அதன் ஆய்வுப் பணி 1936இல் மலைமேல் ஒரு குடிலிலே தொடங்கியது. மாரிகாலத்தில் அந்நிலையம் காலை எட்டு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் பனிச்சரிவு அறிக்கை வெளியிடும். அபாயம் ஐந்து படிகளாக வகுக்கப்பட்டுள்ளது. சனிக்கிழமைக் காலை அறிக்கை மூன்றாம் படி என்றது. அன்பரின் பதினேழு வயது மகனோ, நண்பருடன் குறித்த தடத்தை விட்டு விலகி, எவரும் மிதியாத புதுப்பனியிற் சறுக்கத் திட்டமிட்டிருந்தான்.

“ஐந்துக்கு மூன்றுதானே அப்பா, நடுத்தரந்தானே!” என்றான்.

எண்ணைக் கண்டவன் சொல்லைக் காணவில்லை. இரண்டாம் படிக்கு அவர்கள் இட்ட ஜெர்மன் சொல் ‘அளவானது’ எனப் பொருள்படும். மூன்றாம் படிக்கு இட்ட ‘எர்ஹெப்லிஹ்’ என்னும் சொல்லோ, உயர்த்துதல் என்னும் வினையடியாகப் பிறந்தது. ‘கணிசமானது’ என்பதே அதற்கேற்ற தமிழ். ‘மத்திமம்’ என்று பெயர்த்தால் அது பிழை மாத்திரமன்று, உயிர்க்கேடுமாகும். சுவிற்சர்லாந்திற் பனிச்சரிவால் மாள்வோரில் ஏறக்குறையப் பாதிப்பேர் இந்த மூன்றாம் படி நாட்களிலேயே மாள்கின்றனர். ஐந்தாம் படியில் எவரும் வீட்டைவிட்டுப் புறப்படார். மூன்றாம் படியிலோ வானம் தெளிந்து வெயிலெறிக்கவுங் கூடும், மலை அழைக்கும். முப்பது பாகைக்கு மேற்பட்ட சாய்வில், வலுவற்ற அடிப்படையின்மேற் கிடக்கும் புதுப்பனியை அசைக்க ஒரு மனிதனின் பாரமே போதும். புதையுண்டவனைச் சில நிமிடங்களுள் தோண்டியெடாவிடின் மூச்சடைத்து இறப்பான். இரண்டே நாள் விடுமுறை, கட்டணமோ கொடுத்தாயிற்று என்னும் அவசரம் வார இறுதிப் பயணிக்குப் பெரும் பகை. உள்ளூரானுக்கு அவ்வவசரம் இல்லை. அவனுக்கு மலை அடுத்த கிழமையும் அங்கேயே இருக்கும்.

தந்தை இதனை விளக்கவும் பையன் முகம் வாடிற்று. நான் அவனுக்கு ஆர்தர் கொனன் டொயிலின் கதையைச் சொன்னேன். நோயுற்ற மனைவியுடன் டாவோஸில் தங்கியிருந்த அவ்வாசிரியர், 1894இல் மலைகடந்து அரோசா என்னும் ஊருக்குச் சறுக்கிச் சென்றார். அவரை அழைத்துச் சென்ற பிராங்கர் சகோதரர் இருவரும் உள்ளூரார். முந்திய ஆண்டே அவ்வழியைக் கடந்தவர்கள். ஊரார் நகைப்பரென்று அஞ்சி, இருட்டிய பின்னரே பலகை கட்டிப் பழகியவர்களாம்! துப்பறியும் கதைகளால் உலகப் புகழ் பெற்றவரும் அன்று அவர்கள் துணையோடுதான் போனார்.

“மாமா, அக்காலத்தில் மேலே இழுத்துச்செல்லும் கம்பிவடம் இருந்ததா?” என்றான் பையன். இல்லை, அவ்வூரின் போல்கன் சாய்வில் அது வந்தது 1934இல் என்றேன். சிறிது சிரித்தான். நண்பர்க்குத் தொலைபேசியிற் சொல்லிவிட்டுச் சிவப்புத் தடத்துக்கே சென்றான்.

மாலை ஐந்து மணி அறிக்கையிலும் மூன்றே இருந்தது.