கொடுத்த ஷூவுக்குக் காலா... காலுக்கு ஷூவா?



ஜாக்கெட் தைக்கக் கொடுத்து, கை அரை இஞ்ச் கூடிப் போனால் அன்றைக்கே டெய்லரிடம் திருப்பிக் கொடுத்து விடுகிறோம். ஆனால், தினம் 8 மணி நேரம் போட்டுக்கொண்டு நிற்கிற சேப்டி ஷூவை மட்டும், கொடுத்ததை வாங்கி மாட்டிக் கொள்கிறோம். கும்மிடிப்பூண்டி சிப்காட், திருவள்ளூர் பக்கத்துக் காக்களூர் தொழிற்பேட்டை என்று கம்பெனி வேலைக்குப் போகிற பெண்களுக்காகவும், மகளை வேலைக்கு அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்துக் கொண்டிருக்கும் தாய்மார்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

நான் ஒரு தொழிற்சாலையில் பாக்கிங் பிரிவில் 7 வருடமாக வேலை பார்க்கிறேன். எங்கள் பிரிவில் 20 வயதுப் பெண் ஒருத்தி சேர்ந்தாள். அவள் காலுக்கு 3-ஆம் நம்பர்தான் சரி. ஸ்டோரில், "6-தான்மா இருக்கு, சாக்ஸ் ரெண்டு போட்டுக்க" என்று சொல்லிக் கொடுத்து விட்டார்கள். ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் வித்தியாசம் கால் அல்ல, மூன்றில் ஒரு பங்கு அங்குலம். 3 நம்பர் கூடினால் முழுசாக ஒரு அங்குலம்! அவளும் முனையில் பழைய துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு நடந்தாள். ஒருநாள் படி இறங்கும்போது ஷூ தட்டி விழுந்து, மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஒன்றரை மாதம் சம்பளம் இல்லை. "பாத்து நடக்கத் தெரியாதா?" என்று அவளைத்தான் கேட்டார்கள். ஷூவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இறுக்கமான ஷூ கிடைத்தவர்கள் வேறு வழி வைத்திருக்கிறார்கள். பின்பக்கத்தை மிதித்துச் செருப்பு மாதிரி போட்டுக் கொள்வார்கள். சூப்பர்வைசர் தலை தெரிந்தால் இழுத்து விடுவார்கள். அளவு சரியில்லாத ஷூ, பாதுகாப்பு தராதது மட்டுமல்ல. அதுவே ஒரு ஆபத்து.

ஏன் இப்படி? ஷூ என்பது பாத வடிவத்தில் உள்ள ஒரு அச்சின் மேல் செய்யப்படுகிறது. ஆண்களின் அச்சைச் சின்னதாக்கினால் பெண்களின் பாதம் ஆகிவிடாது. நமக்கு விரல் பக்கத்தோடு பார்க்கும்போது குதிகால் ஒடுக்கம். அதனால்தான் முன்னால் பிடிக்கிற ஷூ பின்னால் லொட லொட என்று ஆடுகிறது. இதைச் சும்மா சொல்லவில்லை. சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தார், 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுக்க 79 இடங்களில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்து பார்த்தார்கள். வெளிநாட்டுக்காரர்களைவிட நம்மவர்களின் பாதம் முன்பக்கம் அகலம் என்று தெரிந்தது. நம் நாட்டுக்கென்று 'பா' என்ற புது அளவு முறையைப் பரிந்துரைத்து, அதில் பெண்களுக்குத் தனிப் பிரிவே வைத்திருக்கிறார்கள்.

"போடப் போடச் சரியாயிடும்" என்று சொல்வார்கள் பாருங்கள், அது தோலுக்குத்தான் பொருந்தும். சேப்டி ஷூவின் முனையில் இருக்கும் இரும்பு மூடி ஒரு நூல்கூட விரியாது. விரியவும் கூடாது. ஐ.எஸ். 15298 இரண்டாம் பாகம் என்ற தர அளவின்படி அந்த மூடி 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும். சுமார் 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற வேகம் அது. முதல் நாளே மூடிக்குள் விரல் நசுங்கினால், கடைசி நாள் வரை நசுங்கும்.

காஷ்மீர் குல்மார்க்கில் பனியில் சறுக்கி விளையாடுகிறார்களே, அவர்களுடைய பூட்ஸும் விரியாத கெட்டி ஓடுதான். அதனால் அந்த பூட்ஸை வெறும் நம்பர் பார்த்து வாங்குவதில்லை. பாதத்தின் நீளத்தை சென்டிமீட்டரில் அளந்து வாங்குகிறார்கள். விளையாட்டுக்கே அத்தனை கவனம் என்றால், பிழைப்புக்குப் போடுகிற ஷூவுக்கு வேண்டாமா?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நமக்கு ஒன்றும் தெரியாது. ஒன்றிரண்டு வருடம் கழித்து அடுத்த ஜோடி வாங்கும்போதாவது இதையெல்லாம் கவனியுங்கள்:

* காலையில் அளக்காதீர்கள். ஷிப்ட் முடிந்து வந்ததும், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது அளக்க வேண்டும். சுவரோரம் பழைய பேப்பரை விரித்து, குதிகாலைச் சுவரில் ஒட்டி, முழு எடையும் காலில் விழுகிற மாதிரி நில்லுங்கள். நீளமான விரலின் நுனியில் கோடு போட்டு சென்டிமீட்டரில் அளக்கவும். சிலருக்குக் கட்டை விரலைவிட அடுத்த விரல் நீளமாக இருக்கும். (அப்படி இருந்தால் புருஷனை ஆட்டி வைப்பாள் என்பார்கள். அது கிடக்கட்டும்!) அந்த விரலின் அளவுதான் கணக்கு.

* இரண்டு காலையும் அளக்க வேண்டும். பெரிய கால் எதுவோ அதற்குத்தான் ஷூ.

* வேலைக்குப் போடுகிற அதே சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். கயிறு கட்டாமல், விரல் நுனி முன்பக்கம் தொடும் வரை காலை முன்னே தள்ளுங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைந்தால் நீளம் சரி. இரண்டு விரல் தாராளமாகப் போனால் பெரிசு. இரும்பு மூடி இருப்பதால் மேலே அமுக்கிப் பார்த்து ஒன்றும் தெரியாது.

* உள்ளே இருக்கும் அட்டையை வெளியே எடுத்து, அதன் மேல் ஏறி நில்லுங்கள். பாதம் இரண்டு பக்கமும் வழிந்தால் ஷூ அகலம் போதாது. அகலத்துக்காக ஒரு நம்பர் கூட்டி வாங்கினால் நீளம் கூடிவிடும். நடக்கும்போது மூடியின் விளிம்பு விரல் மேல் வெட்டும். அதே நம்பரில் அகலமான வேறு மாடல் கேளுங்கள்.

* கயிறு கட்டி, படி ஏறி இறங்குங்கள். ஏறும்போது குதிகால் தூக்கக் கூடாது. இறங்கும்போது விரல் இடிக்கக் கூடாது. குந்தி உட்கார்ந்தும் பாருங்கள். விரல் மடங்கும் இடத்தில்தான் ஷூவும் மடங்க வேண்டும்.

ஆண்களுக்கு இல்லாத ஒரு சங்கதி நமக்கு உண்டு. மெட்டி! கனமான மெட்டியோடு இரும்பு மூடிக்குள் காலை விட்டால், சாயங்காலத்துக்குள் பக்கத்து விரல் புண்ணாகிவிடும். கழற்ற மனசில்லாதவர்கள் வேலை நாளில் மெல்லிய தட்டை மெட்டி போடலாம். ஷூவைப் போட்டுப் பார்க்கும்போதும் அதே மெட்டியோடு பாருங்கள். கொலுசைக் கழற்றி டிபன் டப்பா பையில் வைத்து விடுங்கள்.

சர்க்கரை வியாதி உள்ள சகோதரிகள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். மரத்துப்போன காலுக்கு ஷூ கடிப்பது தெரியாது. தினம் ராத்திரி அடிப்பாதத்தையும் விரல் இடுக்கையும் பார்த்துவிட்டுப் படுங்கள். ஈரமான ஷூவுக்குள் பேப்பரைச் சுருட்டி வைத்து நிழலில் காய வையுங்கள். கனமான பொருள் மூடி மேல் விழுந்துவிட்டால், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் அந்த ஷூவை மாற்றியே ஆகவேண்டும்.

"இதெல்லாம் யார்கிட்ட போய்ச் சொல்றது? திட்டுவாங்க" என்பீர்கள். எங்கள் பிரிவில் நாங்கள் 11 பேர் ஒரே தாளில் பேர், இடது கால், வலது கால் என்று சென்டிமீட்டர் எழுதி, சேப்டி ஆபீசரிடம் கொடுத்தோம். ஒருத்தி போய்க் கேட்டால் புகார். 11 பேர் அளவோடு போனால் அது ஆர்டர்! அடுத்த தடவை பெண்களுக்கான அச்சில் செய்த ஷூ, 3-ஆம் நம்பரிலிருந்து வந்தது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியதே இல்லை. அப்படிப்பட்ட ஷூ நம் நாட்டிலேயே தயாராகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஊர் உலகத்துக்கெல்லாம் ஷூ தைப்பதும் பெரும்பாலும் பெண்கள்தானே!

காசு நம் கையிலிருந்து போகுமோ என்ற பயமும் வேண்டாம். வேலையிடத்துப் பாதுகாப்புக்காகச் செய்து தருகிற எதற்கும் தொழிலாளியிடம் பணம் வாங்கக் கூடாது என்று 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு சொல்கிறது.

மணிக்கட்டு முறிந்த அந்தப் பெண் இப்போது மறுபடி வேலைக்கு வருகிறாள். எங்கள் தாளில் முதல் பெயர் அவளுடையதுதான். இடது கால் 21.8, வலது கால் 22. சகோதரிகளே, உங்கள் அளவு எத்தனை? இன்று ராத்திரியே ஒரு பழைய பேப்பரை விரித்து அளந்து, பர்ஸில் எழுதி வைத்துக் கொள்ளுங்கள். பக்கத்து மெஷினில் நிற்கிறவளுக்கும் சொல்லுங்கள்.

— ஒரு வாசகி, கும்மிடிப்பூண்டி.