சொர்க்க வாசல் தெருவில் ஒரு குளிர்கால மாளிகை

அரண்மனை என்றதும் நம் மனக்கண்ணில் என்ன தோன்றும்? பரந்த மைதானம், நடுவே ஓங்கி நிற்கும் கட்டடம், முன்னால் தோட்டம். மைசூர் அரண்மனையைப் பார்த்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஆனால் குறுகலான ஒரு தெருவில், பக்கத்து வீட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும் அரண்மனையும் உண்டு. ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில், ஹிம்மெல்ஃபோர்ட்காஸே என்ற தெருவில், 8ஆம் எண் கட்டடம் அது. 'சொர்க்க வாசல் தெரு' என்பது அந்தப் பெயரின் பொருள். ஒரு காலத்தில் அங்கிருந்த கன்னிமாடத்தால் வந்த பெயர்.

இதைக் கட்டியவர் சவாய் இளவரசர் யூஜின். பிழைப்புத் தேடி ஊர் மாறியவர்தான் அவரும். 1663இல் பாரிஸில் பிறந்தார். மெலிந்த உடம்பு, சுமாரான தோற்றம். பாதிரியாராக்குவது என்று வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். அவருக்கோ படையில்தான் நாட்டம். பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியிடம் வேலை கேட்டார், கிடைக்கவில்லை. 1683இல், பத்தொன்பதாம் வயதில், பாரிஸை விட்டு வெளியேறி ஆஸ்திரியப் பேரரசர் லியோபோல்டிடம் சேவகத்தில் சேர்ந்தார்.

அந்த ஆண்டுதான் துருக்கியப் படை வியன்னாவை முற்றுகையிட்டிருந்தது. செப்டம்பர் 12ஆம் தேதி முற்றுகை முறியடிக்கப்பட்டது. அந்தப் போரில் இளைஞர் யூஜினும் இருந்தார். பிறகு படிப்படியாக உயர்ந்து, 1697இல் ஜென்டா போரில் வென்று ஐரோப்பா முழுவதும் பேசப்படும் தளபதியானார். வேண்டாம் என்று சொன்ன லூயியின் படைகளையே பின்னாளில் எதிர்த்து நின்று வென்றார்.

முற்றுகை பயம் நீங்கியதும் வியன்னாப் பிரபுக்கள் போட்டி போட்டுக்கொண்டு மாளிகைகள் எழுப்பினார்கள். கோடைக்கு மதிலுக்கு வெளியே தோட்ட மாளிகை. குளிர்காலத்துக்கு மதிலுக்குள்ளே, அரசவைக்கு அருகில் நகர மாளிகை. அன்று புகழ் பெற்றிருந்தது 'பரோக்' என்னும் கட்டடப் பாணி. வளைவுகள், பிரம்மாண்டமான தூண்கள், சிற்பங்கள், கூரை ஓவியங்கள் எல்லாம் சேர்ந்து பார்ப்பவரைத் திகைக்க வைப்பதே அதன் நோக்கம்.

மதிலுக்குள் இடம் கிடைப்பதுதான் கஷ்டம். யூஜின் 1694இல் இந்தத் தெருவில் ஒரு வீட்டை வாங்கினார். ரோமில் பயின்று வந்த ஃபிஷர் ஃபான் எர்லாக் என்ற சிற்பி முதல் பகுதியைக் கட்டினார். முகப்பில் அப்போது ஏழு சாளர வரிசைகள்தான். பிறகு ஹில்டெப்ராண்ட் வந்தார். இவர் இத்தாலியில் யூஜினின் படையில் பொறியாளராக இருந்தவர். 1708 வாக்கில் ஒரு பக்கம் ஐந்து வரிசைகள், 1723-24இல் மறுபக்கம் ஐந்து வரிசைகள் என்று சேர்த்து மொத்தம் பதினேழாக்கினார். வசதி கூடக் கூடப் பக்கத்து மனையை வாங்கி வீட்டை நீட்டும் பழக்கம் நமக்கு மட்டும் உரியது அல்ல! ஆனால் புதிய பகுதிகள் பழைய முகப்பின் அமைப்பையே பின்பற்றியதால், முழுவதும் ஒரே மூச்சில் கட்டியது போலத் தெரிகிறது.

தெரு குறுகல் என்பதால் பின்னால் தள்ளி நின்று முகப்பை முழுதாகப் பார்க்க முடியாது. பக்கவாட்டில்தான் பார்க்க வேண்டும். சுவரிலிருந்து புடைத்து நிற்கும் உயரமான அரைத்தூண்கள் அப்படிப் பார்க்கும்போது ஒன்றன்பின் ஒன்றாக அணிவகுத்து நிற்கின்றன. வாசலின் இரு புறமும் கிரேக்க, ரோமானியப் புராண வீரர்களின் புடைப்புச் சிற்பங்கள்.

உள்ளே மாடிப்படிதான் உச்சம். கிடைத்த இடம் சிறிது. அதில் ஒற்றைப் படிக்கட்டாகத் தொடங்கி, இரண்டாகப் பிரிந்து மேலேறுகிறது. அதன் பாரத்தைத் தோளில் சுமப்பது போல நான்கு பூதவுடல் மனிதர்கள் நிற்கிறார்கள். செதுக்கியவர் ஜியோவன்னி ஜூலியானி. நம் கோயில்களில் தூணையும் விமானத்தையும் தாங்கும் பூதகணங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவர்கள் அந்நியமாகத் தெரியமாட்டார்கள். மேலே ஒரு மண்டபம் முழுவதும் யூஜினின் போர்க்களக் காட்சிகள், ஓவியங்களாக.

யூஜின் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1736 ஏப்ரல் 20ஆம் தேதி மாலை, நெடுநாளைய தோழியான பத்தியானி சீமாட்டியின் வீட்டில் சீட்டாடிவிட்டுத் திரும்பினார். மறுநாள் காலை இந்த மாளிகையில் இறந்து கிடந்தார். உயில் எதுவும் இல்லை. சொத்து முழுவதும் விக்டோரியா என்ற உறவுப் பெண்ணுக்குப் போயிற்று. அவர் யூஜினை நேரில் பார்த்ததே இல்லை. ஓவியங்கள், மாளிகைகள் என்று ஒவ்வொன்றாக விற்றுக் காசாக்கினார். 1752இல் மகாராணி மரியா தெரேசா இந்த மாளிகையை வாங்கினார். அதன் பிறகு அரசின் கஜானா அலுவலகங்கள் இங்கே வந்தன. 1848 முதல் நிதி அமைச்சகம். கணக்கு வழக்குகளின் நடுவே கட்டடம் பிழைத்துக்கொண்டது என்றே சொல்ல வேண்டும். பெரிய புதுப்பிப்புக்குப் பிறகு 2013 முதல் 2017 வரை அருங்காட்சியகமாகவும் பொதுமக்களுக்குத் திறந்திருந்தது.

சிதறாமல் தப்பியது ஒன்று உண்டு. அவருடைய புத்தகங்கள்! ஏறத்தாழ 15,000. வரலாற்றுக்கும் இலக்கியத்துக்கும் சிவப்பு, சமயத்துக்கும் சட்டத்துக்கும் நீலம், இயற்கை அறிவியலுக்கு மஞ்சள் என்று துறைவாரியாகத் தோல் அட்டை போட்டு வைத்திருந்தார். பேரரசர் ஆறாம் சார்லஸ் அவற்றை மொத்தமாக வாங்கி அரசவை நூலகத்தில் சேர்த்தார். இன்று அவை ஆஸ்திரிய தேசிய நூலகத்தின் மாபெரும் மண்டபத்தில், நடுவில் உள்ள வட்டக்கூடத்தில் இருக்கின்றன. அந்த மண்டபத்துக்கு வரைபடம் போட்டவர் யார் தெரியுமா? யூஜினின் வீட்டை முதலில் கட்டிய அதே ஃபிஷர்தான்.

யூஜின் கையொப்பமிடும்போது பெயரை இத்தாலியனில் எழுதி, நடுவே ஒரு ஜெர்மன் சொல்லைச் சேர்த்து, குலப்பெயரைப் பிரெஞ்சில் முடிப்பாராம். பிறந்த ஊர், குலத்தின் ஊர், வாழ வைத்த ஊர் மூன்றையும் அவர் விடவில்லை. வெளியூரில் குடியிருந்துகொண்டு, பிள்ளைகளின் பள்ளி விண்ணப்பத்தில் 'சொந்த ஊர்' என்ற இடத்தில் எதை எழுதுவது என்று ஒரு கணம் யோசிக்கும் நமக்கு, அந்தக் கையொப்பம் நன்றாகவே புரியும்.