தேற்றாங்கொட்டை சொல்லும் கணக்கு

காவிரியின் கடைமடையான காரைக்காலில் உள்ள கோவில்பத்து, தேவாரத்தில் திருத்தெளிச்சேரி எனப் பாடப்பெற்ற தலம். 'தெளி' என்னும் சொல்லுக்கு விதைத்தல், கலங்கல் நீங்குதல் என இரு பொருளும் உண்டு. வண்டலோடு வரும் புதுவெள்ளத்தைக் கண்ட டெல்டாவுக்கு இரண்டுமே தேவை. பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்து, நீரூற்றித் தெளிய வைப்பது தமிழகத்தின் பழைய வழக்கம்.

இதன் பின்னே இருப்பது பாலிமர் அறிவியல். நுண்ணிய களிமண் துகள்கள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று விலக்குவதால் எளிதில் அடியில் படிவதில்லை. தேற்றாங்கொட்டையிலோ சர்க்கரை அலகுகள் கோத்த நெடுஞ்சங்கிலி மூலக்கூறுகள் உள்ளன. நீரில் சிக்குண்ட நூல்போல் சுருண்டு கிடக்கும் சங்கிலி, துகளின் மேற்பரப்பைத் தொட்டதும் உருமாறுகிறது. சில பகுதிகள் பரப்போடு ஒட்டிப் படுக்கின்றன. சில வளையங்களாக எழுகின்றன. முனைகள் வால்போல் நீரில் நீள்கின்றன. அவை அடுத்த துகளையும் பற்ற, துகள்கள் திரண்டு, கனத்து, படிகின்றன.

அப்படியானால் கூடுதலாகச் சேர்த்தால் விரைவில் தெளியுமா? தெளியாது. சங்கிலிகள் மிகுந்தால் எல்லாத் துகள்களும் முழுவதும் மூடப்படும். பற்றிக்கொள்ள வெற்றிடம் இராது. இட நெருக்கடியில் சங்கிலிகள் நாற்றங்காலின் பயிர்போல நிமிர்ந்து நின்று, துகள்களை அணுகவிடாமல் தடுக்கும். விளக்குக் கரியும் வேலம்பிசினும் கலந்த மையில் கரி படியாதிருப்பதும் இப்படித்தான். பரப்பில் சங்கிலிகள் கொள்ளும் இத்தகைய வடிவங்களை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர், 1991-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு அறிஞர் பியேர் கில் தெ ஷென்.

இன்றைய சுத்திகரிப்பு நிலையங்களில் படிகாரமும் செயற்கைப் பாலிமர்களும் பயன்படுகின்றன. அவற்றுக்கும் அளவே உயிர். ஆற்றின் கலங்கல் மாறும்போது அளவும் மாற வேண்டும். அதனால்தான் பல குவளைகளில் வெவ்வேறு அளவு கலந்து, எது நன்கு தெளிகிறது என்று சோதிக்கிறார்கள். இந்தச் சோதனையைச் சடங்காக்கினால் செலவும் வீண், நீரும் தெளியாது.

முன்னோர் முறையை மூடப்பழக்கம் என ஒதுக்குவோரும் உண்டு. அதுவே போதும் என்போரும் உண்டு. இரண்டுமே பிழை. சங்கிலி பற்றுவது துகளைத்தான். கரைந்த உப்பை அது பற்றாது. கடலோர ஊர்களுக்கு இது முக்கியம். கிருமிகளும் முற்றிலும் நீங்கிவிடுவதில்லை. எனவே, தெளிந்த நீரையும் காய்ச்சியே குடிக்க வேண்டும். தெளிவு வேறு, தூய்மை வேறு.