வாழ்த்தில் என்ன இருக்கிறது?

மனவளக்கலை மன்றங்களில் கூட்டுத் தவம் முடிந்ததும் யாரும் சட்டென்று எழுந்துவிடுவதில்லை. கண்ணை மூடியபடியே வாழ்த்து தொடங்கும். தன்னை, வாழ்க்கைத் துணையை, பிள்ளைகளை, உடன்பிறந்தவர்களை, நண்பர்களை, தன்னோடு பகை பாராட்டுகிறவர்களை என்று ஒவ்வொருவராக மனத்தில் நிறுத்தி ‘வாழ்க வளமுடன்’ என்பார்கள். கடைசியில் வையகம் முழுவதும் அந்த வாழ்த்துக்குள் வந்துவிடும். கூடுவாஞ்சேரியில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் 1911-இல் பிறந்த வேதாத்திரி மகரிஷி வகுத்த முறை இது. 1958-இல் அவர் தொடங்கிய உலக சமுதாய சேவா சங்கத்தின் வழியில் மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் மாலை வேளைகளில் இப்படிக் கூடுகிறார்கள்.

தவம்தான் முக்கியம், வாழ்த்து சம்பிரதாயமான முடிவு என்று நினைப்பவர்கள் உண்டு. கடந்த இருபது ஆண்டு ஆய்வுகளைப் படிக்கும்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிறர்மீது கருணை வளர வேண்டுமென்றால் விஷயமே அந்த வாழ்த்தில்தான் இருக்கிறது.

சேர்ந்து இருந்து தவம் செய்வது மதுரைக்குப் புதிதல்ல. மாங்குளத்துக் குன்றில் சமணத் துறவிகளுக்காக இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் பக்கம் பக்கமாக வெட்டிக்கொடுத்த கற்படுக்கைகள் இன்றும் இருக்கின்றன. அங்குள்ள தமிழி எழுத்துகளில் நெடுஞ்செழியன் பெயரோடு வெள்ளறை நிகமத்தார் என்ற வணிகக் குழுவின் பெயரும் உண்டு. உலகைத் துறந்தவர்களுக்கும் பக்கத்தில் ஒருவர் இருந்தார். ஊர்க்காரர்கள் இடம் அமைத்துக் கொடுத்தார்கள்.

ஒன்றைத் தொடக்கத்திலேயே விலக்கிவிட வேண்டும். பலர் கூடித் தியானித்தால் அதன் அலைகள் ஊரெங்கும் பரவிக் குற்றங்களைக் குறைக்கும் என்றொரு வாதம் உண்டு. 1993-இல் வாஷிங்டன் நகரில் ஏறத்தாழ 4,000 பேர் கூடி ஆழ்நிலைத் தியானம் செய்தார்கள். குற்றங்கள் குறைந்ததாக ஏற்பாட்டாளர்கள் அறிவித்தார்கள். அந்தக் கணக்கை வெளி ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. நான் பேச வருவது, உட்கார்ந்திருப்பவருக்குள்ளும் அவருக்கும் அடுத்தவருக்கும் இடையிலும் நடப்பதைப் பற்றி மட்டும்.

பிறர் துன்பத்தைக் கண்டு நாமும் நோவது ஒன்று, அவர் நலம்பெற வேண்டும் என்று உருகுவது வேறொன்று. இரண்டும் ஒன்றேதான் என்று பலகாலம் நினைத்திருந்தார்கள். ஜெர்மானிய நரம்பியல் விஞ்ஞானி தானியா சிங்கர், மாத்யூ ரிக்கார் என்ற பௌத்தத் துறவியை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்க வைத்தார். துறவியாகும் முன் பாஸ்டர் நிறுவனத்தில் மரபணு ஆய்வில் முனைவர் பட்டம் பெற்றவர் ரிக்கார். ருமேனிய அநாதைக் குழந்தைகளைப் பற்றிய ஆவணப்படத்தை நினைத்து, கருணையை எழுப்பாமல் அவர்களுடைய வலியை மட்டும் உணரச் சொன்னார்கள். தேர்ந்த தியானியான அவரே சிறிது நேரத்தில் தாங்கமுடியாமல் சோர்ந்துபோனார். பிறகு கருணைத் தியானத்துக்கு மாறச் சொன்னதும் நிலைமை தலைகீழானது. அதே குழந்தைகள்தான், அதே துயரம்தான். ஆனால் அவர்களை நெருங்கி அணைக்கும் துணிவு வந்தது என்றார்.

ஒருவரோடு நிறுத்தாமல், ஓல்கா கிளிமெக்கியும் சிங்கரும் தியானப் பழக்கமே இல்லாதவர்களிடமும் இதைச் சோதித்து 2014-இல் வெளியிட்டார்கள். வலியை மட்டும் பகிரப் பழகியவர்களுக்கு மனவேதனை கூடியது. மூளையில் வலியோடு தொடர்புடைய முன் இன்சுலா போன்ற பகுதிகள் தூண்டப்பட்டன. அவர்களே பிறகு கருணைப் பயிற்சி எடுத்தபோது வேதனை தணிந்தது, பரிவும் நிறைவும் சார்ந்த வேறு பகுதிகள் இயங்கின.

ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுரத்தில் இருந்து விசுத்திமக்கம் எழுதிய புத்தகோசர், கருணைக்கு இரண்டு பகைகள் உண்டென்கிறார். கொடுமை தூரத்துப் பகை, பார்த்ததும் தெரிந்துவிடும். அருகிலிருக்கும் பகை துயரம். அது கருணையைப் போலவே வந்து நிற்பதால் அடையாளம் காண்பது கடினம். கருவி எதுவும் இல்லாமல், உள்ளே உற்றுநோக்கியே இந்த வேறுபாட்டைக் கண்டிருக்கிறார்கள். அவர் சொல்லும் மைத்ரி தியான வரிசையும் நம் வாழ்த்தைப் போலத் தன்னிலிருந்து தொடங்கி அன்பானவர் வழியாகப் பகைவர் வரை போகிறது. நடுவில் விருப்பும் வெறுப்பும் இல்லாத ஓர் ஆளும் உண்டு. அந்த ஆள் மிக முக்கியமானவர் என்பது என் எண்ணம். நாள் முழுக்க நாம் சந்திப்பவர்களில் பெரும்பாலோர் அவர்தானே?

அந்த ஆளை வைத்தே அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. காத்திருப்பு அறையில் மூன்று நாற்காலிகள், மூன்றிலும் ஆள். ஊன்றுகோலோடு ஒரு பெண் வலியில் முகம் சுளித்தபடி வந்து நிற்கிறார். மாட்டுத்தாவணியில் கிளம்பும் டவுன் பஸ்ஸில் தினமும் நடப்பதுபோல, ஏற்கெனவே சொல்லிவைத்த இருவர் போனைப் பார்த்துக்கொண்டு கண்டும்காணாமல் இருக்கிறார்கள். மூன்றாமவர் எழுந்திருப்பாரா? எட்டு வாரம் தியானம் பழகியவர்களில் பாதிப்பேர் இடம் கொடுத்தார்கள். பழகாதவர்களில் 16 சதவீதம்தான். பால் காண்டன், டேவிட் டிஸ்டெனோ குழுவினர் 2013-இல் வெளியிட்ட இந்த ஆய்வில் ஒரு சிக்கலும் இருக்கிறது: கருணைத் தியானம் செய்தவர்களுக்கும் வெறும் கவனத் தியானம் செய்தவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. மொத்தமே 39 பேர் என்பதையும் மறக்கக்கூடாது.

எந்தப் பயிற்சி எதைத் தருகிறது என்பதைப் பிரித்துக் காட்டியது லைப்சிக் நகரின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் சிங்கர் நடத்திய பெரிய ஆய்வு. சுமார் 300 பேர், மும்மூன்று மாதங்களாக மூன்று பயிற்சிகள். முதலாவதில் மூச்சையும் உடலையும் கவனிப்பது. இரண்டாவதில் அன்பும் கருணையும். மூன்றாவதில் தன் எண்ணங்களையும் அடுத்தவர் பார்வையையும் புரிந்துகொள்வது. பின் இரண்டுக்கும் தினசரி ஒரு துணை உண்டு. இருவர் போனில் இணைந்து, ஒருவர் அன்று தன்னைச் சிரமப்படுத்திய நிகழ்ச்சியையும் நன்றி பாராட்டத் தோன்றியதையும் ஐந்து நிமிடம் சொல்ல, மற்றவர் குறுக்கே பேசாமல், அறிவுரை சொல்லாமல் கேட்க வேண்டும். பிறகு முறை மாறும். துணை வாராவாரம் மாறுவார். மூன்றாவது பயிற்சியில் பேசும் விஷயம் மட்டும் வேறு.

ஒவ்வொரு பயிற்சியின் முடிவிலும் வெவ்வேறு குழுவினரைக் கடுகடுத்த முகத்தோடு இருக்கும் நடுவர்கள் முன் பேசவும் மனக்கணக்குப் போடவும் வைத்தார்கள். படபடப்பு குறைந்ததாக எல்லோருமே சொன்னார்கள். ஆனால் உமிழ்நீரில் அளந்த கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன், மூச்சை மட்டும் கவனித்தவர்களுக்குக் குறையவில்லை. துணையோடு பயின்றவர்களுக்கு 51 சதவீதம் வரை குறைந்தது. முன்பின் தெரியாத ஒருவர் தீர்ப்புச் சொல்லாமல் தன்னைக் கேட்டார் என்ற அனுபவம், நாலுபேர் முன் நிற்கும் அச்சத்தைத் தணித்திருக்கலாம் என்று 2017-இல் வெளியான அந்த அறிக்கை கருதுகிறது. மனத்துக்கு இதமாக இருப்பது வேறு, உடல் தளர்வது வேறு என்று இவ்வளவு தெளிவாகக் காட்டிய முடிவு அரிது.

கொண்டாடும் முன் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தியானம் மனிதர்களை நல்லவர்களாக்குகிறதா என்ற ஆய்வுகளைத் திரட்டி 2018-இல் கிரெப்ளின், ஃபாரியஸ், பிரேசில் மூவரும் ஒரு தொகுப்பாய்வு செய்தார்கள். தியானம் கற்பித்த ஆசிரியரே கட்டுரையாளர்களில் ஒருவராக இருந்த ஆய்வுகளில்தான் கருணை கூடியிருந்தது. வேறேதேனும் பயிற்சி பெற்றவர்களோடு ஒப்பிட்டபோது அந்த ஏற்றம் தெரியவில்லை. தியானத்தை நேசிப்பவர்கள்தான் இதை முதலில் பொருட்படுத்த வேண்டும்.

மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் இரவெல்லாம் விழித்திருக்கும் செவிலியர்களை நினைத்துப் பார்க்கிறேன். அடுத்தவர் வலியைச் சுமந்தே களைத்துப்போகும் வேலை அது. வலியைப் பகிர்வதிலிருந்து கருணைக்கு மாறும் பயிற்சி அவர்களைவிட யாருக்குத் தேவை? மன்றங்களின் வாழ்த்தும் இருவராகக் கேட்கும் பத்து நிமிடமும் ஒரு குழுவுக்கு, எளிய உடற்பயிற்சி இன்னொரு குழுவுக்கு என்று மூன்று மாதம் கொடுத்து, முன்னும் பின்னும் உமிழ்நீரை அளந்தால் போதும். செலவு அதிகமில்லை. கற்றுக்கொடுப்பவர் ஒருவர், கணக்குப் பார்ப்பவர் வேறொருவர் என்பதை மட்டும் முதல் நாளிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.