உடம்பு பிடித்துவிடும் முன் ஒரு நிமிடம்!

நாள் முழுக்கக் குனிந்து போன் பார்த்தால் கழுத்து பிடித்துக்கொள்கிறது. டூவீலரில் வேலைக்குப் போய் வந்தால் இடுப்பு விண்விண் என்று தெறிக்கிறது. 'யாராவது கொஞ்சம் பிடிச்சுவிட்டா தேவல' என்று தோன்றும், இல்லையா? அந்தச் சிகிச்சை அரசு சித்த மருத்துவமனைகளிலேயே கட்டணமின்றிக் கிடைக்கிறது.

தொக்கணம் என்றால் என்ன?

சித்த மருத்துவத்தில் மசாஜுக்குப் பெயர் தொக்கணம். 32 வகைப் புற மருத்துவ முறைகளில் இதுவும் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல் உட்பட ஒன்பது விதமாகச் செய்வார்கள். வலி எங்கே, எதனால் என்று பார்த்துவிட்டு, எந்தத் தைலம், எந்த முறை என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

என்ன பலன்?

இறுகிய தசை தளரும். மூட்டை அசைப்பது சற்று எளிதாகும். மனப் படபடப்பு குறைந்து பலருக்கு நல்ல தூக்கம் வரும். நாள்பட்ட இடுப்பு வலிக்கான சிகிச்சைகளில் மசாஜையும் உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சேர்த்திருக்கிறது. உடற்பயிற்சியும் அதே பட்டியலில் உண்டு. மசாஜ் தரும் நிவாரணம் பெரும்பாலும் கொஞ்ச நாளைக்குத்தான். 'சர்க்கரை நோயே போயிடும், தேய்ஞ்ச மூட்டு வளர்ந்திடும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எப்போது கூடாது?

• நெஞ்சில் இறுக்கம், வியர்வை, இடது கை வலி: 'வாயுப் பிடிப்பு' என்று தைலம் தேய்த்து நேரத்தைக் கடத்தாதீர்கள். மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

• ஒரு காலில் மட்டும் திடீர் வீக்கம், சூடு, கெண்டைக்கால் வலி: ரத்தம் கட்டியாக உறைந்திருக்கலாம். அழுத்தித் தேய்த்தால் அது நகர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும்.

• கீழே விழுந்து அடிபட்ட இடம்: முதலில் எக்ஸ்ரே, பிறகுதான் மற்றதெல்லாம்.

• முடிவெட்டும் கடையில் கழுத்தைச் சொடுக்கி விடுவது: வேண்டவே வேண்டாம். கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரும் ஆபத்து உண்டு.

• இடுப்பு வலியோடு கால் பலவீனம், சிறுநீர் கழிப்பதில் சிரமம்: அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

• சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள்: சூடான எண்ணெய் சுடுவதே தெரியாது, புண்ணாகிவிடும்.

கர்ப்பிணிகள், எலும்பு பலவீனமானவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மசாஜ் செய்துகொள்ளக் கூடாது. காய்ச்சலோ தோலில் புண்ணோ இருந்தால், சரியாகும்வரை பொறுங்கள்.

எங்கே போவது?

சென்னை அரும்பாக்கத்திலும் பாளையங்கோட்டையிலும் அரசு சித்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்தா பிரிவு செயல்படுகிறது. எல்லா இடத்திலும் தொக்கணம் இருக்காது, கேட்டுவிட்டுப் போங்கள். சந்தேகம் இருந்தால் 104-க்கு போன் செய்து ஆலோசனை பெறலாம். நடக்க முடியாத பெரியவர் வீட்டில் இருக்கிறாரா? மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

கிளம்பும் முன், நீங்கள் சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் பழைய எக்ஸ்ரே, ஸ்கேன் ரிப்போர்ட்டையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதை மருத்துவரிடம் காட்டினாலே, உங்கள் உடம்புக்கு மசாஜ் ஒத்துக்கொள்ளுமா என்று சொல்ல அவருக்கு வசதியாக இருக்கும்.