ஒரு பிடி அரிசி



1951-ல் பூதான இயக்கத்தைத் தொடங்கியவர் வினோபா பாவே. அவர் சொன்ன இன்னொரு யோசனை, 'சர்வோதயப் பாத்திரம்'. வீட்டில் ஒரு பாத்திரம் வைத்து, தினமும் ஒரு பிடி தானியம் போட வேண்டும். போடுவது பெரியவர்கள் அல்ல, வீட்டுக் குழந்தை! கொடுக்கும் பழக்கம் சிறு வயதிலேயே வரட்டும் என்பதற்காகத்தான்.

உங்கள் ஒரு பிடி 25 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 30 நாளில் 750 கிராம். வகுப்பில் 40 பேரும் சேர்த்தால் 30 கிலோ! பக்கத்து முதியோர் இல்லத்தில் சில நாள் உலை கொதிக்குமே.

வீட்டில் பணக் கஷ்டமா? அரைப் பிடி போடுங்கள்; நிறுத்திவிடாதீர்கள். விலைவாசி ஏறினால் இல்லத்துக்கு வரும் உதவி குறையலாம். அங்குள்ளவர்களின் பசி குறையாதே!

இன்றே அம்மாவிடம் கேட்டு, ஒரு டப்பாவில் முதல் பிடியைப் போடுங்கள். சரிதானே?