மடலில் இல்லாத ஒரு வரி

ஜொகூர் பாருவில் தேவி ஏ/பி முனியாண்டி என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு செயலியில் புதிதாகக் கணக்குத் திறக்கிறார். பெயரில் இருக்கும் சாய்கோட்டைப் படிவம் ஏற்க மறுக்கிறது, எடுத்துவிடுகிறார். இரண்டு நிமிடத்தில் மின்னஞ்சல் வருகிறது: “வணக்கம், திருமதி முனியாண்டி.” அப்பாவைத் திருமதி ஆக்கிவிட்டார்கள்!

கணினியைத் திட்டிப் பயனில்லை. பெயரின் கடைசிச் சொல்தான் குடும்பப் பெயர் என்று எங்கோ யாரோ விதி எழுதிவைத்திருக்கிறார். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. ‘அனாக் பெரம்புவான்’ என்பதன் சுருக்கமான ஏ/பி-க்குப் பின்னால் நிற்பவர் தந்தை. இது மலேசியாவில் எல்லாருக்கும் தெரியும், நிரலுக்குத் தெரியாது.

கணக்கு தொடர்பாக வரும் தானியங்கி மடல்களை யாரும் நமக்கென்று உட்கார்ந்து எழுதுவதில்லை. வாசகம் முன்பே தயார். பெயர், தேதி, தொகைக்கு மட்டும் இடம் விட்டிருக்கும். அச்சடித்த கல்யாணப் பத்திரிகையின் உறைமேல் பெயர் எழுதுவது மாதிரி நிரல் அதை நிரப்பி அனுப்பிவிடும். எழுதியவருக்கு நம் ஊர் தெரியாது, நம் வாரமும் தெரியாது.

வாரம் என்றதும் ஜொகூர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரும். 2014 முதல் 2024 முடிய இங்கே அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு வேலை நாள். “இரண்டு வேலை நாட்களுக்குள் பதில் தரவும்” என்று புதன்கிழமை மாலை ஒரு மடல் வந்தால், கோலாலம்பூர் கணக்கில் கெடு வெள்ளி, ஜொகூர் கணக்கில் ஞாயிறு. 2025 ஜனவரி 1 முதல் இங்கே மறுபடியும் சனி, ஞாயிறு விடுமுறை வந்துவிட்டது. கெடா, கிளந்தான், திரெங்கானுவில் இன்றும் வெள்ளி, சனிதான். கிழமையையும் தேதியையும் எழுதிவிட்டால் இந்த வம்பே இல்லை. ‘யூடிசி’ என்னும் உலகப் பொது நேரப்படி ‘நள்ளிரவு வரை’ என்று போடுகிறவர்களும் உண்டு. அது நமக்கு மறுநாள் காலை 8 மணி.

மொழியும் தன் பங்குக்குக் குழப்பும். மலாய் வினைச்சொல் காலம் காட்டாது. ‘அக்காவுன் அண்டா டிதுத்துப்’ என்று மட்டும் வந்தால் கணக்கை மூடிவிட்டார்களா, இனிமேல்தான் மூடப்போகிறார்களா? ‘தெலா’ அல்லது ‘ஆக்கான்’ என்று ஒரு சொல் கூடவே வர வேண்டும். தமிழில் ‘மூடப்பட்டது’, ‘மூடப்படும்’ என்று வினைவடிவமே சொல்லிவிடும். ஆனால் மூடியது யார் என்பதை இரண்டு மொழியிலும் செயப்பாட்டு வினை நைசாக மறைத்துவிடுகிறது.

எல்லாவற்றிலும் அதிகம் பயமுறுத்துவது கடவுச்சொல் மாற்ற மடல்தான். “கடவுச்சொல்லை மாற்றக் கோரிக்கை வந்துள்ளது” என்று பார்த்ததும் பலருக்கு நெஞ்சு படபடக்கிறது. உள்ளே நடப்பது எளிது. உங்கள் மின்னஞ்சல் முகவரி தெரிந்த எவரும் தளத்தின் ‘கடவுச்சொல் மறந்துவிட்டதா?’ பெட்டியில் அதைத் தட்டிவிடலாம். தட்டியவுடன் கணினி, ஊகிக்க முடியாத நீண்ட எழுத்துச் சரம் ஒன்றை உருவாக்கி, இணைப்பாக உங்கள் முகவரிக்கு மட்டும் அனுப்புகிறது. முறையாக அமைத்த தளத்தில் அது ஒரு தடவைக்குத்தான் பயன்படும். சிறிது நேரத்தில் காலாவதியும் ஆகிவிடும். நீங்கள் அதைத் தொடாத வரை பழைய கடவுச்சொல் அப்படியே இருக்கும்.

திரையில் “இந்த முகவரியில் கணக்கு இருந்தால் மடல் அனுப்பியிருக்கிறோம்” என்று மழுப்புவது வேண்டுமென்றே செய்வது. இன்னாருக்கு இங்கே கணக்கு உண்டு என்று துப்பறிய வருகிறவனுக்குத் தெரியக் கூடாது. ஆனால் மடல் கணக்குக்காரரின் பெட்டிக்குத்தானே போகிறது? அங்கே எதற்கு மழுப்பல்?

தெளிவில்லாத உண்மை மடல்கள் போலி மடல்களுக்குப் பாதை போட்டுக் கொடுக்கின்றன என்பது என் கட்சி. வீண் பயம் காட்டும் மடல் திரும்பத் திரும்ப வந்தால் கவனம் மங்கிவிடுகிறது. அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் போனி ஆண்டர்சன் குழுவினர் மூளையை ஸ்கேன் செய்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே எச்சரிக்கையை இரண்டாம் முறை காட்டியபோதே பார்வைப் பகுதியின் துலங்கல் சட்டென்று சரிந்தது. கண் பார்க்கிறது, மூளை ‘இது பழசு’ என்று தள்ளிவிடுகிறது.

2016 மார்ச்சில் ஹிலாரி கிளிண்டனின் பிரசாரத் தலைவர் ஜான் பொடெஸ்டாவுக்கு, கூகுள் அனுப்பியது போலவே ஒரு போலி மடல் வந்தது. அதைப் பார்த்த கணினி உதவியாளர் ‘இது உண்மையான மடல்’ என்ற பொருளில் பதில் எழுதினார். போலி என்று எழுத நினைத்தேன், எழுத்து விட்டுப்போயிற்று என்று பின்னர் சொன்னார். ஆங்கிலத்தில் அந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே இரண்டே எழுத்துதான் வித்தியாசம். பல்லாயிரம் மடல்கள் களவு போயின.

ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கமும் கதை இதுதான். 2021 கடைசியில் சிங்கப்பூரின் ஓசிபிசி வங்கி பெயரில் வந்த போலிக் குறுஞ்செய்திகளால் ஏறத்தாழ 790 வாடிக்கையாளர்கள் 1 கோடியே 37 லட்சம் சிங்கப்பூர் வெள்ளியை இழந்தார்கள். அடுத்த மாதமே, வாடிக்கையாளருக்கு அனுப்பும் மின்னஞ்சலிலும் குறுஞ்செய்தியிலும் தட்டக்கூடிய இணைப்பு கூடாது என்று அந்நாட்டு நாணய ஆணையம் வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. மலேசியாவில் 2022 அக்டோபரில் தேசிய மோசடி எதிர்வினை மையம் வந்தது. ஏமாந்தது தெரிந்தவுடன் அழைக்க வேண்டிய எண் 997.

ஸ்கூடாயிலோ இஸ்கண்டார் புத்திரியிலோ உட்கார்ந்து இந்த வாசகங்களை எழுதும் தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த மடலில் பெயரைப் பிழையாகப் போட்டாலும் பொறுத்துக்கொள்கிறோம். “இதை நீங்கள் கேட்கவில்லையென்றால் ஒன்றும் செய்ய வேண்டாம், உங்கள் கணக்கில் எதுவும் மாறாது” என்ற வரியை மட்டும் முதல் பத்தியிலேயே போட்டுவிடுங்கள்.